நாற்பத்தேழாம் இலக்கப் படகு

இணுவில்
3 மார்ச் 2025

அன்புள்ள சுபாஜினி,

இந்தக் கடிதத்தில் எழுத இருப்பவை:

1. தற்காலிகச் சேவையகங்கள் பற்றிய என் முறைப்பாடு.
2. பழைய சேவையகத்தை ஏன் இப்போது மூடக் கூடாது.
3. நாற்பத்தேழாம் இலக்கப் படகு பற்றிய செய்தி எந்த வீட்டுக்குப் போக வேண்டும்.
4. இன்றைய கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது. (இதை எழுதுவதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

இதையெல்லாம் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். திரையில் எல்லாருடைய முகமும் தெரியும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. வாயைத் திறந்தால் நிரல் எழுதும் பெடியன் கனிசியஸ், "ஐயா, உங்கடை மைக் பூட்டிக் கிடக்கு" என்பான். நான் அதைத் திறப்பதற்குள் நீங்கள் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவீர்கள்.

முதலாவது. குருநகர் மீனவர் சங்கத்துக்காக நாம் செய்யும் மென்பொருளுக்கு முக்கிய வேலை ஒன்றுதான். படகு கடலுக்குப் போகும்போது சங்கக் கந்தோரில் பதிகிறார்கள். திரும்பியதும் குறிக்கிறார்கள். உரிய நேரத்துக்குள் குறிக்கப்படாவிட்டால் படகுக்காரரின் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும்: "உங்கள் படகு இன்னும் கரை திரும்பவில்லை." வீட்டார் சங்கத்துக்கு ஓடுவார்கள், சங்கம் தேட ஆள் அனுப்பும். சென்ற வருடம் இயந்திரம் நின்றுபோன படகொன்றை மறுநாள் மத்தியானம் வரை ஒருவரும் தேடவில்லை. அதற்குப் பிறகுதான் சங்கம் நம்மிடம் வந்தது. ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கப் போகிறார்கள்.

இதைச் சோதிக்க நீங்கள் தற்காலிகத் தரவுத்தளச் சேவையகங்களைக் கொண்டுவந்தீர்கள். சோதனை தொடங்கும்போது ஒன்று புதிதாக எழும்புகிறது. நாம் எழுதிவைத்த மாதிரிப் படகுகள் அதில் ஏறுகின்றன. சோதனை முடிந்ததும் சேவையகமே இல்லாமல் போகிறது. துப்புரவான முறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒவ்வொரு முறையும் அன்றைக்குப் பிறந்த ஊராக இருக்கிறது. அங்கே எந்தப் படகும் கைமாறியதில்லை, ஒருவரும் செத்ததில்லை. அதனால் அங்கே எல்லாச் சோதனையும் தேறி, திரையில் எல்லாம் பச்சை.

இரண்டாவது. சங்கம் தந்த பதிவுகளின் பிரதி பழைய சேவையகத்தில் இருக்கிறது. பல மாதமாக எல்லாரும் அதில் எழுதி அழித்து வருகிறோம். செய்தி சரியான எண்ணுக்குப் போகிறதா என்று பார்க்க நான் எழுதிய சோதனை அங்கே சில நாட்களில் பச்சையாகவும் சில நாட்களில் சிவப்பாகவும் வருகிறது. சிவப்பு வரும் நாட்களில் எல்லாம் பிழை காட்டுவது நாற்பத்தேழாம் இலக்கப் படகு ஒன்றுதான். காரணம் தெரியும் வரை அதை மூட வேண்டாம் என்று கேட்கிறேன்.

மூன்றாவது. அந்தப் படகுக்கு அங்கே இரண்டு பேர் பதிவாகியிருக்கிறார்கள். ஒருவர் ஜெரிசன். மற்றவர் சந்தியோகு. எந்த வரி முதலில் கைக்கு வருகிறதோ அந்த எண்ணுக்கு நமது மென்பொருள் செய்தியை அனுப்பிவிடுகிறது. சங்கத்தின் இன்றைய பட்டியலில் இருப்பவர் ஜெரிசன். ஆகவே செய்தி ஜெரிசனின் எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது. எனக்குச் சந்தேகமே இல்லாத விடயங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

நாலாவதை விடுகிறேன்.

இப்படிக்கு,
க. ஆழ்வாப்பிள்ளை


வெள்ளவத்தை
4 மார்ச்

வணக்கம் ஐயா,

நாலாவதை நானே எழுதுகிறேன். "ஐயா பேயளோடை சேர்ந்து வேலை செய்யிறார்" என்று கனிசியஸ் சொன்னான், எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அவனைக் கண்டித்துவிட்டேன். சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் ஒரு சோதனை சிவப்பாகும் நாளில் ஐந்து பேர் தாங்கள் எழுதியதைச் சேர்க்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் பிழையே இருப்பதில்லை. சோதனை ஏன் சிவப்பு என்று கேட்டால், "சில நாட்களில் அப்படி வருகிறது" என்கிறீர்கள். சில நாட்களில் வரும் பிழையை நான் எப்படித் திருத்துவது?

அந்தப் பழைய சேர்வர் ஒரு குப்பைமேடு ஐயா. வருகிற போகிற எல்லாரும் அதில் எழுதியிருக்கிறோம். கனிசியஸ் பதிந்த படகு ஒன்றுக்கு உரிமையாளர் பெயர் "பெரிய சுறா". உங்கள் சந்தியோகுவும் அப்படி ஒருவராகத்தான் இருப்பார். சங்கச் செயலாளர் எமில்ராஜிடம் நானே கேட்டேன். "ஒரு போட்டுக்கு ஒரு நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு ஆள், வேறை கதை இல்லை" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொன்று. அந்தச் சேர்வரில் உயிரோடு இருக்கிற மனிதர்களின் உண்மையான போன் நம்பர்கள் கிடக்கின்றன. 14ஆம் திகதி மூடுகிறேன். உங்கள் சோதனையை இன்று எடுத்துவிடுகிறேன். தற்காலிக சேர்வரில் அதைச் சிவப்பாக்கிக் காட்டுங்கள், அப்போது நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சுபாஜினி


இணுவில்
7 மார்ச்

அன்புள்ள சுபாஜினி,

நீங்கள் சொன்னது நியாயமாகத்தான் படுகிறது. அதுதான் எனக்கு ஆத்திரமாகவும் இருக்கிறது.

தற்காலிகச் சேவையகத்தில் அதைச் சிவப்பாக்குவது பெரிய வேலையில்லை. நாற்பத்தேழுக்கு இன்னொரு ஆளைச் சேர்த்தால் போதும். நேற்றுச் செய்தும் பார்த்தேன், சிவப்பு வந்தது. அதைக் கனிசியஸிடம் காட்டினேன். அவன் சொன்னது: "ஐயா, நாங்களே ரெண்டு பேரைப் போட்டிட்டு, ஐயோ ரெண்டு பேர் இருக்கினம் எண்டு அழுறதோ?" வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நடக்கக்கூடிய ஒன்றைச் சோதித்தால்தான் அது சோதனை. இது நடக்கக்கூடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சந்தியோகு என்ற பெயர் எழுதப்பட்டிருக்கும் விதத்தில் விளையாட்டு இல்லை என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். புள்ளிவிபரத் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்தவன் இப்படி ஒரு காரணத்தை எழுதக் கூசுகிறேன்.

எமில்ராஜைக் கேட்பதற்காகப் பலமுறை போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? நீங்கள் ஏற்கெனவே கேட்ட கேள்வியையே நானும் கேட்டால், உங்களை நம்பவில்லை என்றாகிவிடும். வைத்துவிட்டேன்.

என் சோதனை போன பிறகு எல்லாம் பச்சையாகிவிட்டது. கந்தோரில் அதற்காக ரோல்ஸ் வாங்கினார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். நான் அதைச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

க. ஆழ்வாப்பிள்ளை


வெள்ளவத்தை
12 மார்ச்

ஐயா,

இன்று நீங்கள் விடுமுறை என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் எமில்ராஜும் சங்கக் குழுவும் கந்தோருக்கு வந்திருக்கிறார்கள். மென்பொருள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்களாம். தற்காலிக சேர்வரில் அவர்களுக்குக் காட்ட எதுவும் இல்லை, மாதிரிப் படகுகள்தான். அதனால் கனிசியஸ் பழையதைத் திறந்திருக்கிறான். "உண்மையாய் போன் அடிக்குதோ எண்டு பாப்பம்" என்று எமில்ராஜ் கேட்க, இவன் செய்தி அனுப்புவதையும் திறந்துவிட்டான். ஏதாவது ஒரு படகைச் சொல்லும்படி இவன் கேட்க, எமில்ராஜ் தன் பக்கத்து வீட்டு ஜெரிசனின் படகைச் சொன்னார். நாற்பத்தேழு. படகு கரையில் நின்றது. இவன் கரை திரும்பவில்லை என்று குறித்தான்.

ஜெரிசனின் போன் அடிக்கவில்லை. "உங்கள் படகு இன்னும் கரை திரும்பவில்லை" என்ற செய்தி யசிந்தா என்ற பெண்ணுக்குப் போயிருக்கிறது. அவருடைய கணவரின் பெயர் சந்தியோகு; அந்தப் பழைய வரியில் வீட்டு எண்ணாக மனைவியின் எண் இருந்திருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் படகோடு கடலில் போனவர், உடல் கிடைக்கவில்லை.

அந்த அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு இறங்குதுறைக்கு ஓடியிருக்கிறார்.

சந்தியோகு குப்பை என்று நான் எழுதியது பிழை. எமில்ராஜிடம் திரும்பக் கேட்டேன். பழைய நாற்பத்தேழு இல்லாமல் போனதால் அந்த இலக்கத்தை ஜெரிசனின் புதுப் படகுக்குக் கொடுத்தார்களாம். அவருடைய கணக்கில் இன்றைக்கு ஒரு படகு, ஒரு ஆள். பொய் சொல்லவில்லை. நான்தான் இன்றைக்கு என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

பழைய சேர்வரை மத்தியானமே மூடிவிட்டேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு சங்கம் கூடுகிறது. நம்முடைய மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்று அங்கே முடிவாகும். வேண்டாம் என்றால் ஏப்ரலிலும் அந்தப் படகுகளைத் தேட ஒருவரும் இல்லை. அதற்குள் இதைத் தற்காலிக சேர்வரில் சரியாக அமைத்துக் காட்ட வேண்டும். இலக்கம் எப்படிக் கைமாறுகிறது, பழைய ஆளை என்ன செய்வது என்றெல்லாம் தெரிய வேண்டும். நீங்கள் குருநகருக்குப் போய் விசாரித்து வாருங்கள்.

சுபாஜினி


இணுவில்
13 மார்ச்

அன்புள்ள சுபாஜினி,

பதினாலாந் திகதி வரை தருவதாகச் சொன்னீர்கள். ஒரு வார்த்தை கேட்காமல் மூடிவிட்டீர்கள். இரண்டு வரிகளில் எது எப்போது எழுதப்பட்டது என்ற விபரம் அதில் இருந்தது. அதை நான் குறித்து வைக்கவில்லை. குறித்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னரே எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என் பக்கம் சரியென்று தெரியவந்ததில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. சரியாக இருந்து என்ன செய்தேன்? உங்களுக்குக் கடிதம் எழுதினேன். எமில்ராஜிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மா ஓடியிருக்க மாட்டார்.

குருநகருக்கு நான் போவது சரிவருமா என்று யோசிக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாசலில் நின்று, உங்கள் கணவர் எங்களுடைய தரவுத்தளத்தில் இரண்டாவது வரி என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கதைக்க வராது. கனிசியஸ் போகலாம், பிழை விட்டவன் அவன். அல்லது நீங்கள் கொழும்பிலிருந்து போனில் பேசலாம். ஒரு பெண்ணோடு பெண் பேசுவது நல்லது. அல்லது எமில்ராஜ் மூலமாகக் கேட்பிக்கலாம். இவற்றில் எது சிறந்தது என்று ஆராய்ந்து நாளை எழுதுகிறேன்.

க. ஆழ்வாப்பிள்ளை


வெள்ளவத்தை
13 மார்ச்

ஐயா,

கனிசியஸ் நேற்றே போய்விட்டான். அந்த அம்மா வாசற்படலையைத் திறக்கவில்லை. போனில் நான் பேசினேன். "முகம் தெரியாத ஆக்களோடை நான் கதைக்கிறேல்லை, உங்கடை மெசேஜும் அப்பிடித்தானே வந்தது" என்று வைத்துவிட்டார்.

நீங்கள் எனக்கு எழுதுகிற நேரத்தில் குருநகருக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். ஆராய வேண்டாம், பஸ் எடுங்கள்.

சுபாஜினி


இணுவில்
16 மார்ச், ஞாயிறு மாலை

அன்புள்ள சுபாஜினி,

போய் வந்தேன். நேற்றும் இன்றும். சங்கத்தின் முடிவை எமில்ராஜ் உங்களுக்குச் சொல்லியிருப்பார் என்றாலும் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை யசிந்தாவின் படலையில் நின்றேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் மனனம் செய்து வந்தது அவரைக் கண்டதும் போய்விட்டது. கையில் மீன் செதிலோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களோ அந்த மெசேஜை அனுப்பினது?"

"நான் இல்லை. எங்கடை கொம்பனி."

"கொம்பனிக்குப் பட்டனை அமத்துறதுக்குக் கை இருக்கோ?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் சிரித்தாரா கோபித்தாரா என்று தெரியவில்லை, படலையைத் திறந்துவிட்டார்.

அன்று நடந்ததை அவரே சொன்னார். செய்தியைக் கண்டதும் ஒரு கணம் புத்தி கலங்கிவிட்டதாம். இறங்குதுறைக்கு ஓடினால், அங்கே ஜெரிசன் படகில் சாய்ந்திருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தானாம். "முதுகிலை ரெண்டு போட்டன். உவன் என்னத்துக்கு அடிக்கிறாய் மாமி எண்டு கேக்கிறான். என்னத்துக்கு எண்டு நான் சொல்லுறது?" கையில் ஒட்டியிருந்த செதிலை உரித்தெடுத்தார். "அவர் போன நாள் ஒரு மெசேஜும் வரேல்லை ஐயா. விடிஞ்சு வெயில் ஏறுமட்டும் நான் அடுப்படியிலை நிண்டன். இப்ப, சும்மா கிடந்த நாளிலை வருது."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை, ஆனால் கேட்டேன்.

நாற்பத்தேழு பற்றியும் சொன்னார். காணாமற்போன படகின் இலக்கத்தை அந்தச் சங்கத்தில் ஒதுக்கி வைப்பதில்லையாம். இறந்தவருக்கான வருடத் திருப்பலி முடிந்ததும் அந்தக் குடும்பத்தில் அடுத்த படகு இறக்குபவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜெரிசன் இவருடைய கணவரின் தமக்கை மகன், அடுத்த வளவில் வீடு. ஆகவே இரண்டாவது வரி தவறுதலாக வந்ததல்ல. கடலில் படகு போன ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கும். நமது மாதிரிப் படகுகளில் அது இல்லை, ஏனென்றால் நாம் அதை எழுதவில்லை.

எழும்பும்போது, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இனி உங்களுக்கு ஒரு செய்தியும் வராது அம்மா, உங்கடை நம்பரை எடுத்துவிடுவம்" என்றேன்.

"ஆர் உங்களை எடுக்கச் சொன்னது?"

ஜெரிசனின் படகு என்பதால் செய்தி ஜெரிசனின் எண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று விளக்கினேன். முதற் கடிதத்தில் உங்களுக்கு எழுதியதைப் போலவே ஒழுங்காக விளக்கினேன்.

"சரி. ஜெரிசன்ரை போன் எங்கை இருக்கும்?"

"அவரிட்டை."

"படகு வராத நாளிலை அவன் எங்கை இருப்பான்?"

சுபாஜினி, நான் இறங்குதுறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுங்கோவன். படிச்ச மனுசன் தானே."

"கடலிலை" என்றேன்.

"அப்ப உன்ரை படகு இன்னும் வரேல்லை எண்டு அவனுக்கே சொல்லப் போறியள். அவனுக்குத் தெரியாதோ?"

அந்த வீட்டில் ஒரு போன்தான். ஜெரிசனின் மனைவி பெர்னடெட்டிடம் வேறு இல்லை. புதன்கிழமை அந்தப் படகு உண்மையாகவே நடுக்கடலில் நின்றிருந்தால், கரையில் ஒருவரை எழுப்பக்கூடியது நாம் பிழையென்று சிவப்பில் குறித்த அந்தச் செய்தி மட்டும்தான்.

அங்கிருந்து எமில்ராஜிடம் போனேன். என் கால்கள் போயின என்று சொல்வதுதான் சரி. பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் தாங்கள் கடலுக்குக் கொண்டுபோகும் போனின் எண்ணைத் தந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "போட்டுக்காரன்ரை நம்பர் எண்டு உங்கடை பதிவுப் போமிலை கேட்டியள், போட்டுக்காரன்ரை நம்பரைத் தந்தம்" என்றார். பிறகு பட்டியலை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. பாதிக்கு மேல் அப்படித்தான்.

இன்று பூசைக்குப் பிறகு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் இல்லை, திறக்க வேண்டியும் இருக்கவில்லை. எங்கள் மென்பொருள் உங்கள் படகுகளை உங்களுக்கே அறிவிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருவர், "அப்ப கடல் மாதாவுக்கும் ஒரு நம்பர் போடுங்கோ" என்றார், அதற்கும் சிரித்தார்கள். பிறகு பெண்கள் பேசத் தொடங்கினார்கள், ஆண்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். முடிவு இது: மென்பொருள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு படகுக்கும் கரையில் நிற்கும் ஒருவருடைய எண் பதியப்பட்ட பிறகே தொடங்க வேண்டும். ஏப்ரல் முதலாந் திகதி பிந்திப் போகலாம். நாற்பத்தேழுக்கு யசிந்தா தன் பெயரைத் தானே சொல்லி எழுதுவித்தார்.

இத்துடன் தற்காலிகச் சேவையகத்துக்கான புதிய தொடக்கத் தரவை அனுப்புகிறேன். நாற்பத்தேழாம் இலக்கம், முன்பு சந்தியோகு, இப்போது ஜெரிசன். ஜெரிசனின் எண் கடலில், யசிந்தாவின் எண் கரையில். போன் நம்பர்கள் எல்லாம் பொய். இப்போதுள்ள மென்பொருளில் சோதனையை எத்தனை முறை ஓட்டினாலும் சிவப்புத்தான் வருகிறது. சில நாட்களில் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு படகுக்குப் பல எண்கள் என்று மென்பொருளை நீங்கள் மாற்றும் வரை அது அப்படியே இருக்கும். ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும், மன்னிக்கவும்.

தற்காலிகச் சேவையகங்கள் பற்றிய முதலாவது முறைப்பாட்டில் பாதியையாவது நான் இன்னும் விடவில்லை. பழையதை அவசரமாக மூடியது பற்றியும் ஒரு நாள் உங்களோடு வாதாடுவேன், எழுத்தில்.

ஆனால் மூன்றாவது. செய்தி ஜெரிசனின் எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்று எழுதியிருந்தேன். என் சோதனையை நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால், நான் கேட்டபடியே மென்பொருளைத் திருத்தியிருப்பீர்கள். சந்தியோகுவின் வரி போயிருக்கும். எல்லாம் பச்சையாக வந்திருக்கும், நானும் நிம்மதியாக ரோல்ஸ் சாப்பிட்டிருப்பேன். படகு திரும்பாத நாளில் அந்தச் செய்தி கடலுக்கு நடுவில், ஜெரிசனுடைய சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்திருக்கும்.

மூன்றாவது விடயம் பிழை.

க. ஆழ்வாப்பிள்ளை